அமெரிக்காவின் மிகப்பெரிய ஸ்டேடியம் ஒரு குழி! அதில் ஒரு சீட் எங்கே என்று யாருக்கும் தெரியாது

1,07,601. இந்த எண்ணை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் இத்தனை பேர் உட்காரலாம். அதுவும் கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு! சரி, 1,07,600 என்று வைத்திருக்கலாமே, கடைசியில் அந்த ஒன்று எதற்கு? சொல்கிறேன், ஆனால் இப்போது இல்லை. வீடியோவை ஓட்டிவிட்டுப் பார்ப்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

முதலில் ஆட்டம். இது அமெரிக்கன் ஃபுட்பால். பெயரில்தான் கால், வேலை பெரும்பாலும் கைக்கு. நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைப் பக்கத்து சீட்காரர் எப்போது கத்துகிறார் என்பதை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

[காட்சி: சாலையிலிருந்து ஸ்டேடியத்தின் வெளிச்சுவர்]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. வெளியே நின்று பார்த்தால், "இதற்குள்ளா ஒரு லட்சம் பேர்?" என்று தோன்றும். வாசலைத் தாண்டி உள்ளே போனதும்தான் விஷயம் புரியும். நீங்கள் ஏறவில்லை, காலடியில் தரை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஸ்டேடியத்தின் பெரும்பகுதி பூமிக்கு அடியில் இருக்கிறது. எனக்கு உடனே தெப்பக்குளம்தான் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் படிக்கட்டு, நடுவில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை விரிப்பு.

தண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. 1920களில் தோண்டியபோது அடியில் ஊற்றுகள் இருந்ததால் நிலம் ஈரமாகவும் சேறாகவும் கிடந்திருக்கிறது. அந்தச் சேற்றில் ஒரு கிரேன் மூழ்கிவிட்டது, இன்றும் ஸ்டேடியத்துக்குக் கீழேயே கிடக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. உங்களுக்கும் அப்படித்தானா என்று கமெண்டில் சொல்லுங்கள்.

கட்ட வைத்தவர் அப்போது பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட். பணத்துக்கு 500 டாலர் கடன் பத்திரங்கள் மூவாயிரம் வெளியிட்டார்கள். 1927 அக்டோபரில் முதல் ஆட்டம். அன்றைய இருக்கைகள் 72,000தான், ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேல் தாங்கும்படி அப்போதே அஸ்திவாரம் போட வைத்தார் மனுஷன். மாடி எழுப்புவதற்காகத் தூணில் கம்பியை நீட்டி விடுவோமே, அதே புத்தி!

சரி, அந்த ஒன்று. ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் என்று ஒரு பயிற்சியாளர், பிறகு பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கே தலைவர். மிச்சிகன் வீரர்களின் ஹெல்மெட்டில் சிறகு போட்டாற்போல் ஒரு மஞ்சள் வடிவம் இருக்கும், அதை 1938இல் அங்கே கொண்டுவந்தவர் இவர்தான். 1956இல் ஸ்டேடியத்தைப் பெரிதாக்கியபோது கணக்கு 1,01,001 ஆனது. அந்தக் கூடுதல் ஒரு சீட் கிரிஸ்லருக்கு மரியாதை என்கிறார்கள். அப்புறம் எத்தனை முறை மாற்றிக் கட்டினார்கள் தெரியுமா? 1,02,501. 1,07,501. 1,09,901. இப்போது 1,07,601. முன்னால் உள்ள எண்கள் ஏறி இறங்கின, கடைசி 01 மட்டும் அசையவில்லை! அது எந்த சீட் என்றால், ரகசியம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகவும் இருக்கலாம்.

[காட்சி: சுரங்கவழி, பேண்டு குழு]

ஊர் பெயர் ஆன் ஆர்பர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,23,851. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை, ஊருக்குள் இன்னொரு ஊர் முளைத்த மாதிரிதான். 1975 நவம்பர் முதல், கொரோனாவால் ஆளில்லாமல் ஆடிய 2020 நீங்கலாக, இங்கே எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதில்லை. உச்சம் 2013இல் நோட்டர் டேம் அணியுடன் நடந்த ஆட்டம், 1,15,109 பேர்.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை, சீக்கிரம் போங்கள். பேண்டு குழு சுரங்கவழியிலிருந்து ஓடிவருவதையும், வீரர்கள் எகிறிக் குதித்துப் பேனரைத் தொட்டுவிட்டு ஓடுவதையும் தவறவிட்டால் பாதி டிக்கெட் வீண், என் கட்சி இதுதான். இருக்கை என்பது பெரும்பாலும் எண் போட்ட பெஞ்சு. செப்டம்பரில் சமாளித்துவிடலாம். நவம்பரில் எல்லாரும் தடித்த கோட்டோடு வருவார்கள், பெஞ்சு மட்டும் அதே நீளம்.

களத்தை ஒட்டி முதல் வரிசையில் இடம் கிடைத்தால் ரொம்பவும் துள்ளாதீர்கள். நிற்கும் வீரர்களின் முதுகு நன்றாகத் தெரியும். ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, குழியின் அடியிலிருந்து மேலே ஏறி வர வேண்டியதும் நீங்கள்தான்.