நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலியேட்டிவ் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களோடு பல வருடங்களாக வேலை செய்துவருகிறேன். அந்தப் பயிற்சியில் என்னதான் சொல்லித்தருகிறீர்கள் என்று பலரும் கேட்பதுண்டு. தமிழில் இதை நோய்த் தணிப்பு மருத்துவம், வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்றெல்லாம் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். முற்றிய புற்றுநோய், தளர்ந்துபோன இதயம், செயலிழந்த சிறுநீரகம், மெல்ல மெல்ல உடலை முடக்கும் நரம்பு நோய் என்று ஏதோ ஒன்றோடு வாழ்கிறவரின் வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைக்க வேண்டும். அவரோடு சேர்ந்து தவிக்கும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பயிற்சிக்கு வந்து இரண்டே மாதம் ஆன ஒரு டாக்டர், ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் தணிந்த குரலில் சொன்னார்: "சார், ஜன்னலோரப் படுக்கையில் இருக்கிற அம்மா நேற்றிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார். கடைசி நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மகளிடம் சொல்லிவிடட்டுமா?"

போய்ப் பார்த்தேன். போர்வைக்கு மேல் அந்த அம்மாவின் விரல்கள் அவ்வப்போது வெட்டி வெட்டி இழுத்தன. கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது? கிரியாட்டினின் எப்போது பார்த்தோம்?" என்று கேட்டேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. பார்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலிக்காக அவர் மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தார். மார்ஃபினை உடல் உடைக்கும்போது உண்டாகும் பொருட்களைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். கட்டி அழுத்தி அவருடைய சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்ததால், அவை உள்ளேயே தேங்கிவிட்டன. அந்தத் தூக்கமும் விரல் இழுப்பும் சுருங்கிய பாவையும் அதனால் வந்தவை. மார்ஃபினை நிறுத்தினோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான ஃபென்டனில் என்ற வலி மருந்துக்கு மாற்றினோம். அடைப்புக்கும் வழி செய்தோம். மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா கண் திறந்து, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்து, "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஐந்து வாரம் கிடைத்தது.

அந்த இளம் டாக்டர் நல்லவர், அக்கறை உள்ளவர். ஆனாலும் அந்த ஐந்து வாரம் கைநழுவிப் போக இருந்தது. கனிவான மனசு இருந்தால் இந்தத் துறைக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், மருத்துவர்கள் உட்பட. போதாது. எது மரணத்தின் மயக்கம், எது மருந்தின் மயக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கில் அந்தக் கண் வராது. ஒரு சீனியரின் பார்வையில், நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அருகில் நின்றுதான் வரும்.

மார்ஃபினைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் முதல் பயம் அங்கேதான் உடைகிறது. எங்களிடம் வருகிற பலரும் மார்ஃபின் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், அடிமையாகிவிடுவார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள். சிறிய அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் அப்படி நடப்பது அபூர்வம் என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்பே, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் கொடுக்க, ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு தனியாக எழுதிவைக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதனால் மார்ஃபின் எழுதுகிற அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்க வேண்டும். அதை எழுத மறந்த ரெசிடெண்டை, அதாவது பயிற்சி மருத்துவரை, நான் சும்மா விடுவதில்லை. வலி போய், மலம் இறுகி ஐந்து நாள் துடித்த ஒருவரைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நேரம் பார்த்துக் கொடுக்கும் முறைக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தார். சாகப்போகிறவர்களை மருத்துவர்கள் கைவிடுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, தானே மருத்துவம் படித்து, கிட்டத்தட்ட 40 வயதில், 1957இல் டாக்டரானார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். 'முழு வலி' என்பது அவர் கொடுத்த சொல். உடம்பு வலிப்பதோடு, கடன் வலிக்கும், பேசாமல் விட்ட தம்பி வலிப்பான், 'எனக்கு ஏன்' என்ற கேள்வி வலிக்கும் என்பது அதன் பொருள். மருந்தை எவ்வளவு ஏற்றியும் வலி இறங்கவில்லை என்றால், எங்கள் ரெசிடெண்ட் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரி தூக்கம் வராதபோது என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள்?" என்பதுதான்.

பாலியேட்டிவ் கேர் என்ற பெயரைக் கொடுத்தவர் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட். லத்தீனில் போர்வையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1987இல் இங்கிலாந்து இதைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றது. அமெரிக்கா 2006இல் ஏற்றது. இந்தியாவில் 2012இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் மூன்று வருட எம்.டி. படிப்பு தொடங்கியது. பயிற்சிக் காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வேறொரு துறையில் பயிற்சி முடித்துவிட்டு மேலே ஒரு வருடம் படிக்கிறவர்களும் உண்டு, நாலு வருடம் படிக்கிறவர்களும் உண்டு.

சரி, மருந்தைக் கற்றுக்கொள்ளலாம். பேசுவதை எப்படிக் கற்றுத்தருவது? நாங்கள் நாற்காலியில் தொடங்குகிறோம். படுத்திருப்பவரிடம் நின்றுகொண்டு கெட்ட செய்தி சொல்லக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். "உங்கள் நோயைப் பற்றி இதுவரை என்ன தெரியும்? மேலே எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். சொல்லி முடித்த பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எதிரே இருப்பவர் அழும்போது பத்து விநாடி அமைதி பத்து நிமிடம்போல் கனக்கும். உடனே அடுத்த ஸ்கேன், அடுத்த மருந்து என்று பேசி அந்த அமைதியை நிரப்பத் தோன்றும். நிரப்பாமல் இருக்கப் பழக மாதக்கணக்கில் ஆகிறது.

இன்னொன்று, அறைக்கு வெளியே காத்திருக்கும் மகன். "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." புதிதாக வந்தவர்கள் இங்கே ஒன்று சட்டம் பேசுவார்கள், அல்லது சரி என்று தலையாட்டிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். "சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று மகனிடம் கேட்கச் சொல்கிறோம். அந்தப் பயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பாவாகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காததைத் திணிக்கவும் மாட்டேன்" என்று சொல்லலாம். பெரும்பாலும் அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும். மகன் தாங்க மாட்டான் என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார்.

வாரா வாரம் மரணத்தைப் பார்க்கும் இந்த இளம் டாக்டர்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இறந்தவர்களைப் பற்றி வாரம் ஒருமுறை எல்லோரும் கூடிப் பேசுகிறோம். அழுதால் அழட்டும் என்று விடுகிறோம். பயிற்சி நேரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

உலகத்தில் வருடத்துக்கு சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தனை பேருக்கும் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. ஆனால் மற்ற டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுத்தர, சிக்கலான நோயாளியைக் கையில் எடுத்துக்கொள்ள, முறையாகப் பயின்றவர்கள் போதுமான அளவில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. எங்களிடம் அனுப்பினாலே முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, நோய் கண்டறிந்த கொஞ்ச நாளிலேயே வழக்கமான சிகிச்சையோடு பாலியேட்டிவ் சிகிச்சையையும் சேர்த்தார்கள். மனச்சோர்வு குறைந்தது. சராசரியாக, மற்றவர்கள் 8.9 மாதம் வாழ, இவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். அதனால் உங்கள் வீட்டில் கடுமையான நோய் யாருக்காவது வந்திருந்தால், கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும்போதே, "பாலியேட்டிவ் டாக்டரையும் ஒருமுறை பார்க்கலாமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டால் எந்தச் சிகிச்சையும் நின்றுவிடாது.

வணக்கம்.