கறுவாத்தோட்டத்தில் இரவு தங்குபவர்கள்

(கிளிநொச்சியில் உயர்தரப் புவியியல் மாணவர்களும் பெற்றோரும் வந்திருந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

குடித்தொகையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வன்னியைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் உங்களைக் கொழும்பு ஏழுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். கறுவாத்தோட்டம். எங்களைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. எத்தனை பெண் தலைமைக் குடும்பம், எத்தனை பேருக்கு மலசலகூடம் இல்லை என்று கேட்டுக் கேட்டு வந்தவர்களும் களைத்துப் போனார்கள், சொல்லிச் சொல்லி நாங்களும் களைத்துப் போனோம். வசதியானவர்களை யாரும் அப்படி வீடு வீடாகப் போய்த் துருவுவதில்லை. இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு அவர்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அளவு. 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238, வவுனியாவில் 172,115, மன்னாரில் 99,570. நான்கையும் கூட்டினால் 477,433. அதே ஆண்டில் கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் மட்டும் 561,314 பேர். அந்த மாநகரம் வெறும் 37 சதுர கிலோமீற்றர்தான். எங்கள் நான்கு மாவட்டமும் சேர்ந்தால் 7,500 சதுர கிலோமீற்றருக்கு மேல். இரணைமடுவில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு அந்த நெரிசலை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

ஆனால் அந்த நெரிசல் நகரம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் சனம், கறுவாத்தோட்டத்தில் ஒரு முழு வீதியிலும் இருக்காது. அங்கே மதில் உயரம், மரம் பெரிசு, நடைபாதையில் ஆளில்லை. பெயர் காரணமில்லாமல் வரவில்லை; ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் ஃபால்க்கின் நாட்களில், 1769 அளவில் மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டமாக நட்டுப் பார்த்தார்கள். அதுவரை காட்டில் போய் உரித்து வந்த பட்டை. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், 1833இல் கறுவாவின் ஏகபோகம் போனது, மெல்ல மெல்லத் தோட்டம் வளவுகளாகப் பிரிந்தது. வீதிகளுக்கு ஆளுநர்களின் பெயர்கள் வந்தன: பார்ன்ஸ், ஹோர்ட்டன், வோட், கிரகரி. 1877இல் நூதனசாலையும் அந்தப் பக்கத்திலேயே எழுந்தது.

அங்கே குடியேறிய பெரிய மனிதர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பொன்னம்பலம் இராமநாதனின் வீடு வோட் பிளேசில், தம்பி அருணாசலத்தின் வீடு ஹோர்ட்டன் பிளேசில். இந்த அருணாசலத்தைப் புவியியல் படிக்கும் பிள்ளைகள் மறக்கக்கூடாது. 1901ஆம் ஆண்டுத் தொகைமதிப்பை நடத்தியவர் அவர்தான். இலங்கையில் அன்று 3,565,954 பேர் என்று எண்ணி, நீண்ட அறிக்கையும் எழுதினார். நாட்டை எண்ணியவரே கறுவாத்தோட்டத்துக்காரர் என்பது எனக்கு எப்போதும் சுவையான விசயம். தொகைமதிப்புத் திணைக்களமும் பத்தரமுல்லைக்குப் போகுமுன் நெடுங்காலம் கொழும்பு ஏழில்தான் இருந்தது.

சரி, வீட்டுக்குள்ளே போவோம். ரோஸ்மீட் பிளேசில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய வீடும் இல்லை, கணக்குக்காக நானே கட்டிய வீடு. வீட்டுக்காரி 80 வயது அம்மா. மகன் மெல்பேர்னில், மகள் டொரொண்டோவில். குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் மலையகத்து ஹட்டன் பக்கமிருந்து வீட்டு வேலைக்கு வந்த 24 வயதுப் பெண்பிள்ளை. கார்க் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் 46 வயதுச் சாரதி. அவருடைய குடும்பம் குருநாகலில், மாதத்தில் ஒருமுறை போய் வருவார். தொகைமதிப்புக்கு ஆள் வருகிறார். வழக்கமாக இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார் என்று கேட்கிறார். மூன்று பேர். சராசரி வயது என்ன? பிள்ளைகள் கூட்டிப் பாருங்கள். 150ஐ மூன்றால் பிரித்தால் 50. அந்த வீட்டில் 50 வயது ஆள் ஒருவர்கூட இல்லை.

இதைத்தான் இன்றைக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன். நகர நடுவிலுள்ள வசதியான குடியிருப்பு எதை எடுத்தாலும், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தொகை இருக்கும். அட்டவணை இரண்டையும் கலந்து ஒரு எண்ணாகத் தருகிறது. வயதுக் கூம்பகத்தை, அதாவது ஆண் பெண் எண்ணிக்கையைச் சிறியவர் கீழே, முதியவர் மேலே என்று வயதுப்படி அடுக்கும் படத்தை, வரைந்தால் அடி ஒடுங்கியிருக்கும், ஏனென்றால் பேரப்பிள்ளைகள் வேறு நாட்டில். உச்சி அகன்றிருக்கும், ஏனென்றால் வைத்தியமும் வசதியும் ஆயுளை நீட்டுகின்றன. நடுவில் இளம் பெண்கள் பக்கம் மட்டும் ஒரு வீக்கம் தெரியும். பரீட்சையில் அந்த வீக்கத்துக்குக் காரணம் கேட்டால் பிறப்பு வீதம் என்று எழுதிவிடாதீர்கள். அது பின்னறைகளின் வீக்கம்.

இன வீதமும் அப்படித்தான். கொழும்பு மாநகரத்தில் எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் கனதியாக இருக்கிறார்கள். ஆனால் கறுவாத்தோட்டத்தில் தமிழர் இத்தனை வீதம் என்று ஒரு எண்ணைப் பார்த்தால் சந்தோசப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். அந்த ஒரு எண்ணுக்குள் மூன்று தலைமுறையாகச் சட்டத்தரணிகளான குடும்பமும் இருக்கும், அந்தக் குடும்பத்துக்குத் தேத்தண்ணி ஊற்றும் ஹட்டன் பிள்ளையும் இருப்பாள். இருவரும் தமிழர்தான். இருவரையும் சேர்த்து வைத்து என்னத்தைச் சொல்வது?

இன்னொன்று. அந்தச் சாரதியை ரோஸ்மீட் பிளேசில் எண்ணிவிட்டார்கள் அல்லவா? அப்போது குருநாகலில் அவருடைய வீட்டில் யார் குடும்பத் தலைவர்? மனைவி. கணவர் உயிரோடு, சம்பளம் அனுப்பிக்கொண்டு இருக்கும்போதே அங்கே ஒரு பெண் தலைமைக் குடும்பம் உருவாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொற்றொடருக்கு வேறு வரலாறு இருக்கிறது, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் படிவத்தின் கட்டத்துக்குள் விழும்போது இரண்டும் ஒரே அடையாளம்.

வருமானத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. இடையம், அதாவது வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 53,333 ரூபா. 23 ஆயிரம் ரூபா வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? மேலே இருக்கிற கொஞ்சப் பேர் சராசரியைத் தூக்கிவிடுகிறார்கள், இடையத்தை அவர்களால் அவ்வளவு அசைக்க முடியாது. அதே ஆய்வில் வறுமை கொழும்பு மாவட்டத்தில் 2.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம். இந்த ஆய்வு மாவட்ட மட்டத்தோடு நின்றுவிடும், ஆகவே கறுவாத்தோட்டமும் அவிசாவளையின் றப்பர்த் தோட்டமும் ஒரே 2.3க்குள். அதோடு உலகம் முழுக்க இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஒரு தொல்லை இருக்கிறது: வசதி கூடக் கூட கேற் திறப்பது குறையும். முல்லைத்தீவில் கேள்வி கேட்டு வருபவருக்கு வாங்கு போட்டு இளநீரும் வெட்டிக் கொடுப்போம். அங்கே காவலாளி “மெடம் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இன்னும் ஒரு கணக்கு மிச்சம். இரவில் படுப்பவர்களைத்தான் இதுவரை சொன்னேன். காலை ஏழு மணிக்கு அந்த இடம் வேறு ஊர். றோயல், லேடீஸ், டி. எஸ். சேனநாயக்க என்று பெரிய பாடசாலைகள், கொழும்புப் பல்கலைக்கழகம், தூதரகங்கள், வோட் பிளேசில் பல் வைத்தியசாலை. எங்கள் ஆட்களும் போகிறோமே. ஏ9 வீதியால் இரவு பஸ்ஸில் போய் விடியக் காலையில் கிரகரி வீதியில் அப்போதிருந்த கனடாத் தூதரகத்தடியில் கையில் ஃபைலோடு நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். அந்தப் பகல் சனம் குடித்தொகை அட்டவணையில் ஒரு வரியிலும் இல்லை. பின்னேரம் எல்லாரும் போய்விடுவார்கள். வீடுகள் கந்தோராகவும் கிளினிக்காகவும் உடுப்புக் கடையாகவும் மாற மாற, இரவுச் சனம் இன்னும் குறையும். 2001இல் 6 இலட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மாநகரம் 2012இல் 561,314க்கு இறங்கியது. 2024 தொகைமதிப்பில் கொழும்பு மாவட்டத்தைக் கம்பஹா முந்திவிட்டது.

மன்னாரும் குறைந்தது, 1981இல் 106,235, 2012இல் 99,570. அங்கே 1990இல் முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள், படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் பலர். எண் இறங்குவது இரண்டு இடத்திலும் ஒன்று போலத் தெரியும். கொழும்பில் காணி விலை ஏறியதால் சனம் நகர்ந்தது, மன்னாரில் உயிருக்காக ஓடியது. 1981க்கும் 2012க்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் முழுமையான தொகைமதிப்பே நடக்காதபடியால் அந்த 31 வருச ஓட்டத்துக்கு அட்டவணையும் இல்லை, பெரியவர்களின் வாய்ச்சொல்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் ஊர்களிலும் வெளிநாட்டுக் காசில் கட்டிய இரண்டு மாடி வீடுகள் வந்துவிட்டன. உள்ளே ஒரு அம்மம்மா, துணைக்குப் படுக்க வரும் ஒரு பிள்ளை. ரோஸ்மீட் பிளேஸ் வீடு பரந்தனிலும் இருக்கிறது, மதில்தான் கொஞ்சம் உயரம் குறைவு.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஒழுங்கையில் இருபது வீட்டுக்குப் போங்கள். முதல் வினாவாக வயதைக் கேட்காதீர்கள். நேற்று இரவு இந்த வளவுக்குள் யார் யார் படுத்தார்கள் என்று கேளுங்கள், பிறகு பகல் பத்து மணிக்கு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கூம்பகம் வரையுங்கள். டவுணில் கடை வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பின் களஞ்சியத்தில் படுக்கும் வேலைக்காரப் பெடியனைச் சொல்ல முதலாளிக்கு உடனே ஞாபகம் வராது. எனக்குப் பார்க்கவேண்டியது அந்தப் பெடியன் விழுகிற கட்டம்தான். முடித்ததும் கொண்டு வாருங்கள், ஒரு மேசையில் எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்போம்.