முதலில் சட்டம், பிறகு படம்

வணக்கம் நேயர்களே.

பழைய மரச்சட்டம் ஒன்றைத் தேடி எடுப்பது, அதன் உள்ளளவு பார்ப்பது, அந்த அளவுக்குப் பலகையை அறுப்பது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் என்ன படம் போடலாம் என்ற யோசனையே வரும். கிராண்ட்மா மோசஸ் என்று அமெரிக்கா முழுவதும் அறிந்த ஓவியர் ஆன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் வேலை செய்த முறை இது. ஏன் சட்டம் முதலில் என்று கேட்டதற்கு, பன்றியை வாங்குமுன் தொழுவத்தைக் கட்டிவிட வேண்டாமா என்று பதில் சொன்னார். பண்ணைக்காரியின் பதில்.

1860-இல் பிறந்தவர். 12 வயதிலேயே பிறர் வீட்டில் வேலைக்குப் போனார். பிறகு திருமணம், பத்துப் பிள்ளைகள். அதில் பிழைத்தது ஐந்து. நியூயார்க் மாநிலத்தில் ஈகிள் பிரிட்ஜ் என்ற ஊரில் பண்ணை. வயதான காலத்தில் கம்பளி நூலால் படம் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டுவலியில் விரலுக்கு ஊசி பிடிபடாமல் போனது. தூரிகை பிடிப்பது இதைவிடச் சுலபமாயிற்றே என்று தங்கை சொன்னார். அப்போது வயது 75-ஐத் தாண்டியிருந்தது. ஓவியப் பள்ளி வாசலை அவர் மிதித்ததில்லை.

பள்ளிக்குப் போகாதவர் என்றாலும் அவரிடம் முறை இருந்தது. அந்த முறையைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

அவர் துணியில் தீட்டுவதை விரும்பவில்லை. மேசோனைட் என்ற அழுத்திய மரக்கூழ்ப் பலகை, எட்டில் ஒரு அங்குலத் தடிமன். துணியைவிட நீடித்து உழைக்கும் என்பது அவர் கணக்கு. நம் ஊர் மரக்கடையில் ஹார்ட்போர்டு என்று கேட்டால் கொடுப்பதும் இந்த வகைதான். இந்தப் பலகையில் இரண்டு தொல்லை. ஒன்று, அதன் பழுப்பு நிறம். இன்னொன்று, எண்ணெயைக் குடிக்கும் குணம். வெறும் பலகையில் எண்ணெய் வண்ணம் பூசினால், வண்ணத்திலுள்ள எண்ணெயைப் பலகை இழுத்துக்கொள்ளும். பூசியபோது பளிச்சென்றிருந்த நீலம் காய்ந்ததும் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்து நிற்கும்.

அவர் செய்தது இது: முதலில் பலகை முழுவதும் ஆளிவிதை எண்ணெய். அதன்மேல் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் மூன்று பூச்சு. பழுப்பை மறைக்க இரண்டு பூச்சே போதும்போலத் தெரியும். ஆனால் எண்ணெய் வண்ணம் வயதாக ஆகக் கண்ணாடிபோல் மெலிந்து அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கனமாகப் பூசாத வானத்தில்தான் அது முதலில் தெரியும். அந்த மூன்றாவது பூச்சு வீண்செலவல்ல.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். அது நன்றாகக் காயாமல் மேலே வெள்ளை அடித்தால், பிற்பாடு வெடிக்கும் அல்லது தோலாக உரியும். மழைக்காலத்தில் காய்வதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். அறுத்த விளிம்பையும் பூசி அடைக்க வேண்டும். விட்டால் ஈரம் ஏறி ஓரம் ஊதிவிடும். துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், துணி தானாகவே தீப்பிடித்ததுண்டு. விரித்துக் காயப்போடுங்கள்.

இனி தீட்டுவது. பலகையைச் சாய்த்து நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. மேசைமேல் படுக்கவைத்துத்தான் தீட்டுவார். அந்த மேசை இப்போது வெர்மாண்ட் மாநிலத்தின் பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலிருந்து கீழே வருவது அவர் வழக்கம். முதலில் வானம், பிறகு மலை, அப்புறம் குன்று, வீடு, மாடு, கடைசியில் மனிதர்கள்.

எளிய வரிசைதான், ஆனால் பல சங்கடங்களை இது தவிர்த்துவிடுகிறது. மனிதனை முதலில் தீட்டினால் அவன் தலையைச் சுற்றி வானத்தை ஒட்ட வேண்டிவரும். புதிதாகத் தொடங்குபவர்களின் படங்களில் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு தெரிகிறதே, அது இப்படி வருவதுதான். வானத்தை முதலிலேயே அகலமான தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்துவிட்டால், காய்ந்தபின் அதன்மேல் மரக்கிளையை எவ்வளவு நுணுக்கமாகவும் வைக்கலாம். படுத்திருக்கும் பலகையில் கையை ஊன்றித்தானே வேலை செய்ய வேண்டும்? மேலே தொடங்கினால் ஈர வண்ணத்தில் உள்ளங்கை படாது.

ஒரே சமயத்தில் மூன்று நான்கு பலகைகளை வைத்துக்கொள்வார். கலக்கிய நீலத்தை எல்லா வானத்துக்கும் பூசி முடிப்பார். வண்ணம் வீணாகக் கூடாதே. ஜாம் காய்ச்சுபவர் ஒரு புட்டிக்காக அடுப்பு மூட்டுவாரா என்ன? ஊர்ச் சந்தைக்குப் பழப்பாகும் படங்களும் ஒன்றாகக் கொண்டுபோனபோது, பரிசு கிடைத்தது பழப்பாகுக்குத்தான்.

உருவங்களுக்கு அவர் கைவசம் இருந்தது ஒரு சேமிப்பு: பத்திரிகைகள், வாழ்த்து அட்டைகள், அச்சுப் படங்கள் இவற்றிலிருந்து வெட்டிச் சேர்த்த துண்டுகள். அவற்றைப் பலகைமேல் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்து, பிடித்த இடத்தில் ஓரக்கோட்டைப் பிரதியெடுப்பார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் அவருடைய புகழ்பெற்ற காட்சிக்கு மூலம், கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனத்தின் பழைய அச்சுப் படம். இதைக் காப்பி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரையின் ஓரக்கோடு கடன். அது நிற்கும் பனியும் பின்னால் விரியும் பள்ளத்தாக்கும் அவர் கண்டவை. ஆனால் வெட்டிய துண்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் சில படங்களில் வேலிக்குப் பின்னாலிருப்பவர் முன்னாலிருப்பவரைவிடப் பெரியவராகிவிடுகிறார். 1,500-க்கு மேல் தீட்டியவர்; எல்லாம் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பனிக்கு வருவோம். பனியின் நிழலில் நீலம் கூட்டுங்கள் என்று படித்தவர்கள் அவருக்கு அறிவுரை சொன்னார்கள். அவர் பனியைத் திரும்பத்திரும்பப் பார்த்தார், நீலம் தெரியவில்லை. மரத்தின் நிழல் சாம்பலாகத்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். வெயில் நாளில் நிழலுக்குள் வானத்தின் நீலம் விழுவது உண்மை. மூடிய வானத்தின்கீழ் அவர் சொன்ன சாம்பலும் உண்மை. பனியின்மேல் மினுமினுப்புத் தூளும் தூவுவார். நயம் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பனி மினுங்குகிறதே, அப்புறம் என்ன என்பது அவர் கட்சி.

நிழலின் நிறத்தையும் மரங்களின் பல பச்சைகளையும் அறிய ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாராம். தீட்ட உட்காரும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். நிறத்துக்கு ஜன்னல், காட்சிக்கு நினைவு. அதனால்தான் டிராக்டர் வந்துவிட்ட காலத்திலும் அவர் படங்களில் குதிரை வண்டிகள் ஓடுகின்றன.

1938-இல் ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரின் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய இவர் படங்களை லூயி கால்டோர் என்ற சேகரிப்பாளர் பார்த்தார். மூன்று டாலர், ஐந்து டாலர் விலை, அளவுக்கு ஏற்ப. 1940 அக்டோபரில் நியூயார்க் நகரில் ஒட்டோ காலிர் நடத்திய ஓவியக் கூடத்தில் முதல் தனிக் கண்காட்சி. பெயரும் பணமும் வந்தபின்னும் அந்த மேசை மாறவில்லை. 1961 டிசம்பரில், 101 வயதில் காலமானார். 100 வயதுக்குப் பிறகு மட்டும் 25 படங்கள்.

நன்றி, வணக்கம்.