ஜானகி அம்மாளின் கணக்கு

(தேசிய கணித நாளையொட்டி ஒரு மகளிர் கல்லூரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவிகளே, பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வந்து பின்வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பை 'கணித மேதை இராமானுஜனின் மனைவி' என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் நான் பேச வந்திருப்பது ஒரு தாயைப் பற்றி, மூன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு பாட்டியைப் பற்றி, ஒற்றை ஆளாகக் குடித்தனம் நடத்திக் காட்டிய ஓர் அம்மாவைப் பற்றி. இந்த மூன்றுமே இராமானுஜன் கண்மூடிய பிறகு நடந்தவை.

கணித நாள் அல்லவா, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஜானகி அம்மாள் 1899 மார்ச் 21 அன்று பிறந்தார். ஊர் இன்றைய கரூர் மாவட்டத்து இராஜேந்திரம். 1909 ஜூலை 14 அன்று கல்யாணம். மணப்பெண்ணுக்கு வயது 10. புகுந்த வீட்டுக்கு வந்தது 1912 வாக்கில், இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1919 மார்ச்சில் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். எப்படிக் கூட்டினாலும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று ஆண்டு சொச்சம்தான். ஜானகி அம்மாள் மறைந்தது 1994 ஏப்ரல் 13. அவர் தனித்து வாழ்ந்த காலம் 74 ஆண்டுகளுக்குப் பதின்மூன்று நாள் குறைவு. நாம் அந்த மூன்று ஆண்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறோம்.

அந்த மூன்று ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். கூட்டுக் குடும்பம், கண்டிப்பான மாமியார், எந்நேரமும் எண்களில் மூழ்கிக் கிடக்கும் கணவர். கணக்கு தடைபடக் கூடாதே என்று அவருக்குச் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பார்களாம். கணவர் கடல் கடந்த பிறகு இவர் எழுதிய கடிதங்கள் மாமியார் கையைத் தாண்டவில்லை. அங்கிருந்து வந்தவையும் இவர் கைக்கு வரவில்லை. உடனே அந்த மாமியார் கோமளத்தம்மாளை வில்லியாக்கிவிடாதீர்கள். வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும் கோயிலில் பஜனை பாடியும் அந்தக் குடும்பத்தைக் கரையேற்றியவர் அவர். அந்தக் காலத்து மாமியார் அந்தக் காலத்து மாமியாராகத்தான் இருந்தார், அவ்வளவே.

கடைசி ஓராண்டு வேறு மாதிரி. அதுதான் அவர்கள் உண்மையில் குடும்பம் நடத்திய ஆண்டு என்பது என் எண்ணம். வேளை தவறாமல் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஜானகி கொடுப்பார். வலி என்று அவர் சொன்னால் காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார். அப்போது வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை மட்டும் அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாட்கள் நினைவுக்கு வரும் என்று முதுமையில் சொல்லியிருக்கிறார். இராமானுஜன் இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அவர் வாய்மொழியாகத்தான் நமக்குத் தெரியும். அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போய், எங்கோ கிடந்து, 1976இல் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்! உலகமே அதைத் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று கொண்டாடுகிறது. அந்தச் சூத்திரங்களை எழுதிய கைக்குச் சோறு போட்டது யார் என்பதை எந்தக் கணித இதழும் அடிக்குறிப்பில்கூடச் சொல்லவில்லை. போகட்டும்.

கணவர் போனபோது அவருக்கு வயது 21. பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1920இல் ஓர் அந்தண இளம் விதவைக்கு என்ன விதிக்கப்பட்டிருந்தது என்று இங்கே பின்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளைப் படிக்கவைக்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் இல்லம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஓர் இல்லம் தேவைப்பட்ட சமூகம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! ஜானகிக்குக் கை கொடுத்தவர் அவருடைய அண்ணன். பம்பாயில் அண்ணன் வீட்டில் சில ஆண்டுகள் இருந்தார். அங்கே தையல் கற்றார், கொஞ்சம் ஆங்கிலமும் கற்றார். 1931இல் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனிக்குடித்தனம் வைத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியம், தையலில் வரும் கூலி. இவை இரண்டுதான் வருமானம்.

தைத்துப் பிழைப்பதைச் சுலபம் என்று நினைக்கிறவர்கள் தைத்துப் பார்க்காதவர்கள். அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு அதைவிட ஒரு விரல் தளர்வாக வேண்டும் என்பார்கள். தைத்து முடித்தால் கழுத்து இறக்கம் போதாது என்று பிரிக்கச் சொல்வார்கள். காஜா எடுத்து எடுத்து விரல் நுனி மரத்துப்போகும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். கூலியை மட்டும் 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்பார்கள். இந்தத் தொழிலை வைத்து ஒரு பெண்மணி அல்லிக்கேணியில் வாடகை கொடுத்து, யார் வீட்டுத் திண்ணையிலும் ஒண்டாமல் வாழ முடியுமா என்றால், அவர் வாழ்ந்தார். அதோடு நிற்கவும் இல்லை.

1950இல் அவருடைய தோழி ஒருவர் திடீரென்று காலமானார். அவர் விட்டுச் சென்ற சிறுவனை ஜானகி அம்மாள் தம் பிள்ளையாக ஏற்றார். அப்போது இவருக்கு வயது 51. அந்த வயதில் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? 'இனிமேல் எனக்கு எதற்கு, ராமா கிருஷ்ணா என்று இருக்கிறேன்' என்போம். இவர் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். சம்பளம் கட்டினார், சீருடை தைத்தார், கல்லூரி வரை படிக்கவைத்தார். அந்தப் பிள்ளை பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியானார். கல்யாணம் செய்துவைத்தார், மருமகள் வந்தார், பேரன் ஒருவன், பேத்திகள் இருவர். பத்து வயதில் ஆரம்பித்த இல்லறம் அவருக்கு எழுபதுகளில்தான் வீடு நிறைய வந்து சேர்ந்தது. பிற்பாடு அம்மாவுக்கு முடியாமல் போனபோது, அந்த மகன் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு உடனிருந்து கவனித்தார். பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் செய்வார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சபையில் தாய்மார்கள் இருக்கிறீர்கள், வம்பு வேண்டாம்.

கடைசிக் காலத்தில் மரியாதைகளும் வந்தன. துறைமுகம் ஓய்வூதியம் கொடுத்தது, தமிழக அரசு கொடுத்தது, ஆந்திரமும் மேற்கு வங்கமும்கூடக் கொடுத்தன. 1987 டிசம்பர் 22 அன்று, அந்தத் தொலைந்த நோட்டுப் புத்தகத்தின் அச்சுப் பதிப்பைப் பிரதமர் ராஜீவ் காந்தி சென்னையில் வெளியிட்டு, முதல் பிரதியை இந்த அம்மாவிடம் கொடுத்தார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சென்னைக்கு வந்தால் திருவல்லிக்கேணி வீட்டையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சிலை விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஜானகி அம்மாள் ஒரே ஒரு குறை சொன்னார். பணம் போதவில்லை என்று அல்ல. தம் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அந்தச் சிலை எங்கே என்று கேட்டார். அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருந்த ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் காதுக்கு அது எட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட கணித அறிஞர்களும் விஞ்ஞானிகளும் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, ஒரே ஒரு பாஸ்போர்ட் படத்தை வைத்துக்கொண்டு மார்பளவு வெண்கலச் சிலை வடித்தார். அது கடல் கடந்து திருவல்லிக்கேணி அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

கேட்டது சென்னையில். கொடுத்தது விஸ்கான்சின். நன்றி, வணக்கம்.