எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாத பார்! டோக்கியோவின் கோல்டன் காய்

(திரையில்: இரவு, ஒடுங்கிய சந்து, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன விளக்குப் பலகைகள்)

எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும். அவ்வளவு குறுகலான சந்து. இதே மாதிரி ஆறு சந்துகள், அவற்றுக்குள் 200-க்கும் மேற்பட்ட பார்கள். இதுதான் கோல்டன் காய். இருப்பது டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில். தினமும் சுமார் 30 லட்சம் பேர் வந்துபோகும், உலகத்திலேயே நெரிசலான ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சுற்றிலும் வானைத் தொடும் கட்டடங்கள். நடுவில் இந்த ஓட்டு வீட்டு உயரக் கடைகள் மட்டும் எப்படித் தப்பித்தன? பல பார்களின் கதவில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று ஏன் எழுதியிருக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாருங்கள், உள்ளே போகலாம்.

வணக்கம் மக்களே! முதலில் வரலாறு. வேகமாக ஓட்டிவிடுகிறேன்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்)

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஷின்ஜுகு நிலைய வாசலில் கள்ளச்சந்தைக் கடைகள் முளைத்தன. 1949-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தெருக்கடைகளை அகற்றச் சொன்னது. அப்படி அகற்றப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் ஹனாசோனோ கோயிலுக்குப் பின்னால் இருந்த இந்த மனை. கீழே மதுக்கடை, மாடியில் உரிமம் இல்லாத பாலியல் தொழில் என்று சில வருடங்கள் ஓடின. 1958-இல் பாலியல் தொழில் தடைச்சட்டம் முழுமையாக அமலுக்கு வந்ததும் மாடி அறைகளும் பார்களாக மாறின. இங்கே மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக நிற்பதும், ஒரே கட்டடத்தில் கீழே ஒரு பார், மேலே வேறொரு பார் இருப்பதும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். அப்புறம் எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், நாடகக்காரர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். 1967-இல் நாடகக்காரர் காரா ஜூரோவின் குழு பக்கத்துக் கோயில் வளாகத்திலேயே சிவப்புக் கூடாரம் போட்டு நாடகம் நடத்தியது. சரி, வரலாறு போதும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

(திரையில்: ஒரு பாரின் உட்புறம், மேலிருந்து)

ஒரு கடையின் தளம் பத்து முதல் பதினைந்து சதுர மீட்டர். நம் கணக்கில் 110 முதல் 160 சதுர அடி. அதில்தான் கவுண்ட்டர், அலமாரி, குளிர்பெட்டி, கழிவறை எல்லாமே. மீதியிருக்கும் இடத்தில் ஆறு, ஏழு, மிஞ்சிப்போனால் எட்டு நாற்காலி. உட்கார்ந்தால் முதுகு சுவரில் படும். உள்கோடியில் இருப்பவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் வரிசையில் இருக்கும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கடைக்காரர் கையை நீட்டினால் உங்கள் கிளாஸைத் தொடலாம்.

ராத்திரி ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் போயிருப்பீர்கள். எட்டுப் பேர், முட்டியோடு முட்டி இடிக்கிற தூரம். விழுப்புரம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் எந்த ஊர், பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார் என்பது வரை தெரிந்துவிடும். அந்தக் குறுகல்தான் பேச வைக்கிறது. கோல்டன் காயிலும் அதேதான் நடக்கிறது! ஜப்பானில் ரயிலில் பெரும்பாலும் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். ஆனால் இங்கே கம்பெனி மேலாளரும் கல்லூரி மாணவரும் வெளிநாட்டுப் பயணியும் அரை மணி நேரத்தில் ஒரே பேச்சில் இருப்பார்கள். ஒரு கடையில் பங்க் இசை மட்டும், இன்னொன்றில் திகில் படம் மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ருசி வேறு. என்னைக் கேட்டால், பெரிய ஹோட்டல் கூரையில் இருக்கும் பாரைவிட இது நூறு மடங்கு மேல்.

(திரையில்: அலமாரியில் வரிசையாகப் பாட்டில்கள், கழுத்தில் தொங்கும் பெயர் அட்டைகள்)

இந்தப் பாட்டில்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை, அதில் ஒரு பெயர். இதற்கு ‘பாட்டில் கீப்’ என்று பேர். வாடிக்கையாளர் முழு பாட்டிலாக விஸ்கியோ, ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயமோ வாங்கிக் கடையிலேயே வைத்துவிடுவார். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ வந்தால் அவருடைய பாட்டிலே கவுண்ட்டருக்கு வரும். அதாவது அந்த அலமாரியில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போது அந்தக் கதவு விஷயத்துக்கு வருவோம். மொத்தமே ஏழு நாற்காலி. முப்பது வருடமாக வருகிறவர் ஒருவர் வேலை முடிந்து வருகிறார். உள்ளே ஏழு சுற்றுலாப் பயணிகள், ஆளுக்கொரு பீரை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அவர் எங்கே போவார்? அதனால்தான் அந்தப் பலகை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வெளியாட்களை வரவேற்கும் கடைகளும் நிறைய உண்டு. வாசலில் ஆங்கிலத்தில் விலை எழுதியிருந்தால் தைரியமாகக் கதவைத் திறக்கலாம்.

உட்கார்ந்ததற்கே பல கடைகளில் 500 முதல் 1,500 யென் வரை கட்டணம் உண்டு. 1,000 யென் என்றால் நம் பணத்தில் 500, 600 ரூபாய். கூடவே கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள ஏதாவது வரும். அதன் பெயர் ஓதோஷி. ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று இணையத்தில் புலம்புகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: ஏழு நாற்காலியை வைத்து டோக்கியோவில் வாடகை கட்டுகிறார்கள். அது நியாயமான காசு.

சரி, எப்படித் தப்பித்தது? 1980-களில் டோக்கியோவில் நிலவிலை எகிறியது. நிலத்தை வளைத்துப்போட ஆட்கள் கிளம்பினார்கள். காசு காட்டினார்கள், மிரட்டினார்கள். காலி செய்யாத கட்டடங்களுக்கு யாகுசா என்ற ஜப்பானிய மாஃபியா கும்பல்கள் தீ வைத்த காலம் அது. அப்போது கோல்டன் காயைக் காப்பாற்ற, அதை நேசித்தவர்களே முறைவைத்து ராத்திரி காவல் காத்தார்கள். குடிக்க வந்தவர்கள் காவலுக்கு நின்றார்கள், மக்களே! எட்டுப் பேர் கடையில்தான் அப்படி ஒரு பந்தம் உண்டாகும். இன்னொன்று, மனைகள் துண்டு துண்டாகப் பலர் கையில் இருந்தன. எல்லோரையும் சம்மதிக்க வைப்பது லேசில்லை. 1990-களின் தொடக்கத்தில் அந்த நிலவிலைக் குமிழி உடைந்தது.

இடித்துக் கட்டுவதும் சுலபமில்லை. ஜப்பான் கட்டட விதிப்படி மனைக்கு முன்னால் பொதுவாக 4 மீட்டர் அகலச் சாலை வேண்டும். இந்தச் சந்துகளில் அதற்கு எங்கே இடம்? அதனால் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டுகிறார்கள். 2016 ஏப்ரலில் ஒரு பகுதி தீப்பிடித்தது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜப்பானில் குடிக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஏழு மணிக்கு முன் போனால் பல கடைகள் பூட்டியிருக்கும். கும்பலாகப் போகாதீர்கள், இரண்டு பேர் என்றால் சரி. சந்துகளில் அனுமதி இல்லாமல் படம் பிடிக்கக் கூடாது. உள்ளேயும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டிப்ஸ் வேண்டாம். பக்கத்து கபுகிச்சோ கேளிக்கைப் பகுதித் தெருக்களில் ‘நல்ல பார் இருக்கிறது’ என்று யாராவது கூப்பிட்டால் பின்னால் போகவே போகாதீர்கள், பில் தலைக்கு மேல் வரும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். தவறவிட்டால் விடியற்காலை ரயில்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு சின்னக் கடை, அதற்கென்று ஒரு பழைய கூட்டம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். டீக்கடையாக இருந்தாலும் சரி, நான் எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் இதே ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் போகிறோம். ஓமோய்தே யோகோச்சோ, கரியடுப்பில் கோழி வாட்டும் சந்து.