புகை எந்த நேரத்தில் வருகிறது?

வணக்கம் நேயர்களே.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் டர்போ என்றால் லோரியும், தோட்டத்துக்குள் ஓடும், நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டியும்தான். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் கருவி. இன்று புரோட்டோன் எக்ஸ்50-இல் 1.5 லிட்டர் டர்போ. பெரொடுவா அத்திவாவின் 1 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினிலும் டர்போ. கொஞ்சம் பழைய பிரிவே, எக்சோரா போல்ட் கார்களிலும் 1.6 லிட்டர் டர்போ உண்டு. வண்டிகள் மாறிவிட்டன. பின்னால் புகை கண்டதும் பட்டறையில் விழுகிற தீர்ப்பு மட்டும் மாறவில்லை: "டர்போ போச்சுண்ணே, மாத்திருவோம்லா."

மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். கோளாறு வேறிடத்தில் இருந்தால் புது டர்போவும் புகையத்தான் செய்யும். அதனால் காசை எடுத்து வைப்பதற்கு முன் எதை எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும். நீலம் என்றால் மினியாக் ஈத்தாம், அதாவது எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. வெள்ளை என்றால் பெட்ரோல் காரில் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர்; டீசலில் எரியாத டீசலும் வெள்ளையாகவே வரும், கண்ணைக் கரிக்கும். நிறம் அவ்வளவுதான் சொல்லும். நீலப் புகைக்கு மட்டும் நாலைந்து காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது புகை வரும் நேரம்.

இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் முடுக்கியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து, அரை நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டால் வால்வு சீலை, அதாவது வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வளையத்தை, சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது நீலம் பொங்கினாலும் பெரும்பாலும் அதே வால்வு சீல்தான். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை இழுத்துவிடுகிறது.

ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் பிஸ்டன் ரிங், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் வளையம், அதன் பக்கம் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை அணைக்காமல் நாலைந்து நிமிடம் நின்றுவிட்டு, கிளம்பும்போது குப்பென்று ஒரு நீல மேகம் வருகிறதென்றால், அப்போதுதான் டர்போவின் பெயரை எடுக்கலாம். அப்போதும் டர்போவே குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ரப்பர் மரம் நட்டு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்: டர்போவின் தண்டில் ரப்பர் சீல் கிடையாது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற, ஒரு பக்கம் நெருப்பாய்க் கொதிக்கிற தண்டில் ரப்பர் எப்படி நிற்கும்? பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான் இருக்கிறது. ஆயில் வெளியே போகாமல் காப்பதில் இந்த வளையத்தைவிட இரண்டு பக்கமும் உள்ள காற்றழுத்தத்துக்கும், கீழே ஆயில் வடியும் குழாய்க்கும் பங்கு அதிகம். ஆயில் மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு டர்போவுக்குள் போகும். திரும்பி வரும்போது நுரைத்துக்கொண்டு, தன் எடையால் மட்டுமே எஞ்சினுக்குள் வடியவேண்டும். அந்த வடிகுழாய் கரி படிந்து அடைத்திருந்தாலோ, எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடியிருந்தாலோ ஆயிலுக்கு இறங்க இடமில்லை. வளையத்தைத் தாண்டி புகைக்குழாய்க்குள் போய்விடும். ஏர் ஃபில்டர் செம்மண் தூசியால் அடைத்திருந்தாலும் அதே கதைதான்: டர்போவில் காற்றை இழுத்து ஊதும் கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுக்கும். தோட்டத்து மண்சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் கையேட்டில் போட்ட கிலோமீட்டரை நம்பிக் காத்திருக்கக்கூடாது. எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

ஆகவே செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து 10 நிமிடம் கழித்து ஆயில் அளவுக்கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும்; அது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய் எரியும். கூடுதலாக இருப்பதை வடித்துவிட்டாலே சில கார்களில் புகை நின்றுவிடும்.

அடுத்தது பிசிவி வால்வு, அதாவது எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் காற்றை வெளியேற்றும் வால்வு. டர்போ காரில் எஞ்சின் மூச்சு விடப் பெரும்பாலும் இரண்டு வழி இருக்கும். மெதுவாக ஓடும்போது ஒரு ஒருவழி வால்வு வழியாக சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு. டர்போ ஊதும்போது இன்னொரு குழாய் வழியாக டர்போவின் வாய்ப்பக்கம். அந்த ஒருவழி வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் டர்போ ஊதுகிற காற்றே எஞ்சினின் வயிற்றுக்குள் போய் ஊதிவிடும். பிறகு ஆயில் எப்படி வடியும்?

எஞ்சினுக்குள் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க மருந்தகத்தில் விற்கிற மெல்லிய ரப்பர் கையுறை ஒன்று போதும். எஞ்சின் சூடேறி, சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கையுறையை அந்த வாயில் இறுக்கமாக மாட்டுங்கள். விரல்கள் லேசாக உள்வாங்கினால் நல்லது. ஐந்து விரலும் எழுந்து நின்று கை காட்டினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிசிவி வால்வையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்து அல்லது மாற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். பிறகும் எழுந்து நின்றால் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று கொள்ளலாம்.

அதை உறுதிப்படுத்த கம்ப்ரஷன் சோதனை: பிளக் துளையில் அளவுமானி மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது. எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றியிருக்கவேண்டும். எரிபொருளும் மின்பொறியும் துண்டிக்கப்பட்டிருக்கவேண்டும். திராட்டில் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்.

இத்தனைக்கும் பிறகுதான் டர்போ. எஞ்சின் நன்றாக ஆறியபின், கம்ப்ரஸர் வாயிலுள்ள குழாயைக் கழற்றி, நடுவிலுள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. பலர் அந்த ஆட்டத்தைக் கண்டு பயந்து நல்ல டர்போவைத் தூக்கி எறிகிறார்கள். இறக்கையின் நுனி சுவரில் உரசியிருக்கிறதா, முன்னும் பின்னும் தள்ளினால் கை உணரும் அளவுக்கு நகர்கிறதா என்பதே கேள்வி. இரண்டில் ஒன்று இருந்தாலும் டர்போ முடிந்தது. குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது குற்றமில்லை; டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கவிழ்க்கும்போது ஆயில் கொட்டினால்தான் குற்றம்.

முடிவான சோதனை புகைக்குழாய்ப் பக்கம் இருக்கிறது. டர்போவுக்குப் பின்னாலுள்ள குழாயைக் கழற்றி, புகையால் சுழலும் பக்கமான டர்பைனின் வாயைப் பாருங்கள். பிறகு டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். மேனிஃபோல்டு காய்ந்திருந்து டர்பைன் வாய் மட்டும் ஈரமாகப் பளபளத்தால் ஆயில் டர்போவில் கசிகிறது. மேனிஃபோல்டே ஈரமாக இருந்தால் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது; டர்போவை மாற்றிப் பயனில்லை. பட்டறையில் இந்த இரண்டு இடத்தையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வெள்ளைப் புகைக்கு வருகிறேன். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, காலையில் வெள்ளைப் புகை இயல்புதான் என்று இருந்துவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் ஆவியும் குழாய் நுனியில் நாலு சொட்டுத் தண்ணீரும் வரலாம். எஞ்சின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளை தொடர்ந்தால் கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீர், உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். தண்ணீர் ஓடும் டர்போவின் நடுப்பகுதி விரிசல் விட்டிருக்கவும் கூடும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியின் இடத்தில் அளவுமானியுள்ள கைப்பம்பை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் பொறித்த அளவுக்கு, பெரும்பாலும் 1.1 பார், அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால், மற்ற பிஸ்டன்கள் கரிபிடித்துக் கிடக்க, ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவிய சட்டி மாதிரி பளிச்சென்று இருக்கும். ஆவி கழுவிய பிஸ்டன் அது.

கரும்புகைக்கு முதலில் இன்டர்கூலர் குழாய்களைப் பாருங்கள். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் கார்களில், அளந்த காற்று பின்னால் வெடித்த குழாய் வழியாக வெளியேறிவிட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் பாயும். இழுவை குறையும், உஸ்ஸென்று சத்தம் கேட்கும், பின்னால் கறுப்பு. தண்ணீர்க் குழாய்க்கு மாட்டுகிற பிவிசி மூடி ஒன்றில் துளையிட்டு டயர் வால்வு பொருத்தினால் சோதனைக் கருவி தயார். டர்போ வாயில் அதை மாட்டிக் கிளிப் இறுக்கி, அந்தக் கார் ஊதும் அளவுக்கு மேல் போகாமல் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை காட்டிக்கொடுக்கும்.

டீசலில் இதோடு, கொஞ்சம் புகையை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பிவிடும் இஜிஆர் வால்வு, டர்போவின் அசையும் தகடுகள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்கவேண்டும். 2019 முதல் நாம் ஊற்றும் டீசலில் பெரும்பாலும் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். அது பழைய டாங்கியில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். டீசல் ஃபில்டரை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுங்கள். டீசல் வண்டியின் புகை, அதன் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிஜ் அலகில் 50-ஐத் தாண்டினால் 1996-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைப்படி குற்றம் என்பதையும் மறக்கவேண்டாம்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டர்போவிலிருந்து ஆயில் இன்டேக் பக்கம் கொட்டினால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துத் தானாக அலறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டி என்றால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விடுங்கள். ஆட்டோ வண்டி என்றால் விலகி ஓடுங்கள். காற்று வாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள்.

டர்போவை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று முடிவானால், ஆயில் ஊட்டும் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதன் போல்டுக்குள் சின்ன வலை இருந்தால் அதையும். அந்த இடத்தில் சிலிக்கான் பசை பூசவே கூடாது. பிய்ந்து போய்த் துளையை அடைக்கும். புது டர்போவுக்குள் ஆயில் விட்டுக் கையால் சுற்றி, எரிபொருளைத் துண்டித்து 10, 15 விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே முடுக்கவேண்டும். இன்டர்கூலரையும் கழுவியிருக்கவேண்டும். இவ்வளவும் செய்தபின் முதல் சில பயணங்களில் புகை வந்தால் பயந்து பட்டறைக்கு ஓடாதீர்கள். புகைக்குழாயில் ஊறிக்கிடந்த பழைய ஆயில் எரிந்து தீர்கிறது. நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.