மொட்டையா ஒரு பேச்சு

வணக்கம் நேயர்களே. நான் சினிமாவுல சவுண்ட் ரெக்கார்டிங் பண்றவன். நடிக்கிறவங்க தலைக்கு மேல ஒரு நீளக் குச்சியில மைக்க கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாருல்ல, அந்த மைக்ல வர்றத ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஓரமா உக்காந்து கேக்குற ஆளு நான். படத்துல என் மூஞ்சி வராது, ரேடியோலயும் வராது, அதனால கூப்பிட்டதும் சந்தோஷமா ஒத்துக்கிட்டேன்.

இன்னைக்கு ஜெயில் படங்களைப் பத்தி. பெரிய படம் இல்ல, கையில இருக்கிற காச வச்சு சின்னதா எடுக்குற இண்டிபெண்டண்ட் படங்க. தப்பு பண்ணிட்டு உள்ள போனவன் ஒருத்தன், வெளிய ஒரு குடும்பம், ரெண்டும் திரும்ப ஒட்டுதா இல்லையாங்கிற கதை. மூணு விஷயம் குறிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு உள்ள இருக்கிறவன், ரெண்டாவது மனு பாக்குற ரூம், மூணாவது வெளிய வந்ததுக்கப்புறம். மூணாவதுதான் உண்மையில முக்கியம், அதுக்கு நேரம் மிச்சம் வைக்கணும்னு பெருசா எழுதி அடிக்கோடே போட்டிருக்கேன்.

ஜெயில் படம்னு சொன்ன உடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இரும்புக் கேட்டு, சுரங்கம் தோண்டுறது, சாப்பாட்டுத் தட்ட விட்டெறிஞ்சு ஒரு சண்டை, ரவுடிக்கு நடுவுல நல்ல மனசோட ஒரு பெரியவர். இதெல்லாம் பண்ண காசு வேணும். 200 பேருக்கு யூனிஃபார்ம் தைக்கணும், சோறு போடணும். சின்னப் படத்துக்காரன்கிட்ட என்ன இருக்கு? நாலு சுவரு, ரெண்டு நடிகருங்க, ஒரு மேஜை. வேற வழியில்லாம அவன் ரெண்டு பேரை எதிரெதிர உக்கார வச்சு பேச விடுறான், அங்கதான் குடும்பம் உள்ள வருது. காசு இல்லாததால எல்லாப் படமும் உண்மையா ஆயிடும்னு சொல்லல, கடைசி பத்து நிமிஷத்துல வயலின போட்டு அப்பனையும் புள்ளையையும் கட்டிப் புடிக்க வச்சு முடிக்கிற சின்னப் படங்களையும் நான் நிறைய பாத்திருக்கேன், ரெண்டுல வேலையும் பண்ணியிருக்கேன், சம்பளம் வாங்கிட்டேன், அதனால அதிகமா திட்ட முடியாது.

சரி, உள்ள இருக்கிறவன். இதுல ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, எங்க போனாலும் இதச் சொல்லிடுவேன். 1957 நவம்பர் 19. அமெரிக்காவுல கலிஃபோர்னியா, சான் குவெண்டின் ஜெயில். சான் ஃபிரான்சிஸ்கோவுலேர்ந்து ஒரு நாடகக் குழு, ஹெர்பர்ட் ப்ளாவ்ங்கிறவரு டைரக்டர், உள்ள போய் நாடகம் போடப் போறாங்க. 1913ல சாரா பெர்ன்ஹார்ட்ங்கிற பெரிய நடிகை வந்து நடிச்சதுக்கப்புறம் அந்த ஜெயில்ல நாடகமே நடக்கல, 44 வருஷம். என்ன நாடகம் எடுத்துட்டுப் போனாங்க தெரியுமா? சாமுவேல் பெக்கெட்டோட கோடோவுக்காகக் காத்திருத்தல். ரெண்டு பேரு ஒரு மரத்தடியில கோடோன்னு ஒருத்தனுக்காக காத்துக்கிட்டிருக்காங்க, அவன் வரவே மாட்டேங்கிறான், அவ்வளவுதான் நாடகம். படிச்சவங்களே தியேட்டர்ல பாதியில எழுந்து போன நாடகம். இத எதுக்கு ஜெயிலுக்குத் தேர்ந்தெடுத்தாங்கன்னா முக்கியமான காரணம் ஒண்ணே ஒண்ணு, இதுல பொம்பளை வேஷமே கிடையாது. இலக்கியம் கிலக்கியம் எல்லாம் இல்லீங்க, இதான் காரணம்.

நடிகருங்களுக்கு உதறல். எதிர்ல 1,400 கைதிங்க. கல்ல விட்டு அடிப்பாங்களோன்னு பயந்துட்டு மேடை ஏறுறாங்க, ஆனா அத்தனை பேரும் அசையாம உக்காந்து பாத்தாங்க. காத்திருக்கிறதுன்னா என்னன்னு அவங்களுக்குப் போய் யாரு விளக்கம் சொல்லணும்?

நான் சொல்ல வந்த ஆளு அந்தக் கூட்டத்துலயே இல்ல. ரிக் க்ளூச்சின்னு ஒருத்தர், பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. அன்னைக்கு ராத்திரி அவரை செல்ல விட்டு வெளிய விடல. ஆனா ஜெயில் ஸ்பீக்கர்ல நாடகத்த போட்டாங்க, அவரு செல்லுக்குள்ள உக்காந்துக்கிட்டு குரலை மட்டும் கேட்டாரு. கவனிங்க, பாக்கல, கேட்டாரு. இப்ப நீங்க என்னைக் கேக்குற மாதிரி. அதுக்கப்புறம் அதே ஜெயில்ல கைதிங்க சேந்து ஒரு நாடகக் குழு ஆரம்பிச்சாங்க, அதுல க்ளூச்சி முக்கியமான ஆளு, நாடகம் எழுதவே ஆரம்பிச்சிட்டாரு. 1966ல தண்டனை குறைஞ்சு வெளிய வந்தாரு. 1977ல பெர்லின்ல பெக்கெட்டே அவரை வச்சு ஒரு நாடகம் இயக்குனாரு, ஒரு கிழவன் தன்னோட பழைய குரலை டேப்புல போட்டுப் போட்டு கேக்குற நாடகம். சவுண்டுக்காரன் எனக்கு இந்த இடத்துல புல்லரிக்கும், நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க.

இது எதுக்குச் சொன்னேன்னா, திருந்துறதுங்கிறது படத்துல காட்டுற மாதிரி ஒரு ராத்திரி அழுது முடிச்சா நடக்குறது இல்ல. தினமும் ஒத்திகைக்குப் போகணும், வசனம் மறக்கும், திரும்பவும் மொதல்லேர்ந்து சொல்லணும். சிங் சிங்னு ஒரு படம், 2023ல டொரண்டோ விழாவுல வந்துச்சு, நியூயார்க் பக்கத்துல அதே பேருல இருக்கிற ஜெயில்ல 1996லேர்ந்து நடக்குற நாடகப் பயிற்சிய வச்சு எடுத்தது. கோல்மன் டொமிங்கோ ஹீரோ, அவரைச் சுத்தி நடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க உண்மையிலயே உள்ள இருந்து அந்தப் பயிற்சியில சேந்து வெளிய வந்தவங்க. கிளாரன்ஸ் மேக்ளின்ங்கிறவரு தன்னோட பழைய வேஷத்த தானே நடிச்சாரு, அதாவது தான் முரடனா இருந்த காலத்த. 20 நாளைக்குள்ள ஷூட்டிங்க முடிச்சிருக்காங்க. ஹீரோவுலேர்ந்து கடைசி அசிஸ்டண்ட் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே தினச் சம்பளம், இத எங்க யூனிட்ல சொன்னா சிரிக்கிறாங்க.

இப்ப ரெண்டாவது, மனு பாக்குற ரூம். ஜெயில்ல இருக்கிறவங்களப் பாக்கப் போறத மனு பாக்கப் போறதுன்னு சொல்றது, கேட்டிருப்பீங்க. எனக்கு எப்பவுமே உள்ள இருக்கிறவன விட பாக்கப் போறவங்க மேலதான் கண்ணு. படங்கள்ல அவங்க நேரா வந்து உக்காந்துடுவாங்க. வரிசையில நின்னது, பேரு எழுதிக் கொடுத்தது, பையைக் கொட்டிக் காட்டுனது, பேர் கூப்பிடுற வரைக்கும் சுவத்த பாத்துக்கிட்டு இருந்தது, அதெல்லாம் எடிட்டிங்ல போயிடும். ஆனா பேசும்போது குரல்ல இருக்கிற அந்த அசதி அதுலதான வருது?

நெல்சன் மண்டேலாவ எடுத்துக்குங்க. 27 வருஷ சிறையில 18 வருஷம் ராபன் தீவு. ஆரம்பத்துல ஆறு மாசத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம். 2 வயசுக்கு மேல 16 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க வரவே கூடாது. அப்ப அந்த அப்பா மனசுல அவரு பொண்ணோட வயசு எங்க நிக்கும்? 1978ல மகள் ஸெனானி கைக்குழந்தையோட வந்தப்ப கண்ணாடி இல்லாம பாக்க முடிஞ்சுது, அவங்க சுவாஸிலாந்து அரச குடும்பத்துல கல்யாணம் பண்ணதால கிடைச்ச சலுகை அது. பேத்திய வாங்கி வச்சுக்கிட்டதப் பத்தி அவரே எழுதியிருக்காரு, அத்தனை வருஷம் மண்வெட்டியும் கடப்பாரையும் புடிச்சு காய்ப்பு காய்ச்ச கையில அவ்வளவு மெத்துன்னு ஒரு குழந்தை. மனைவி கையத் தொட்டது 1984ல, 21 வருஷத்துக்கு அப்புறம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு சின்னப் படத்துல வேலை பாத்தேன், பேரு வேணாம். ஜெயில் செட்டு பிளைவுட்ல போட்டு இரும்புக் கலர் அடிச்சிருந்தாங்க, கண்ணுக்கு அசல் இரும்பு, கதவ மூடுனா டொக்குன்னு அலமாரி மாதிரி ஒரு சத்தம். கடைசியில ஒரு பழைய லிஃப்ட்டோட கிரில் கதவ இழுத்து மூடி ரெக்கார்ட் பண்ணி ஒட்டவச்சோம். ஜெயில் படத்துல பாதி ஜெயில் சத்தம்தான், 1956லயே ராபர்ட் ப்ரெஸ்ஸான்ங்கிற பிரெஞ்சு டைரக்டர் அதக் காட்டிட்டாரு, தப்பிச்சுப் போற கைதியோட படத்துல சிறைக்கு வெளிய இருக்கிற உலகம் முக்கால்வாசி சத்தமா மட்டும்தான் வரும். சரி, இதுல இறங்குனா நான் ஏற மாட்டேன், கதைக்குப் போறேன்.

அந்தப் படத்துல ஒரு மனு சீன். அப்பா உள்ள போனப்ப பொண்ணுக்கு 7 வயசு, இப்ப 22, மொத தடவையா பாக்க வர்றா. நடுவுல கண்ணாடி, ரெண்டு பக்கமும் ஒரு ரிசீவர். ஸ்கிரிப்ட்ல மொத வசனம் "அப்பா, எப்படிப்பா இருக்கீங்க"ன்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணா நடிச்சவங்க ஒத்திகையில நிப்பாட்டிட்டாங்க. "சார், இவ இப்படிக் கூப்பிட மாட்டா சார், வாயே வராது"ன்னாங்க. டைரக்டருக்கு கோவம், வேற எப்படிக் கூப்பிடுவான்னு கேட்டாரு. கூப்பிடவே மாட்டான்னாங்க.

உங்களுக்கு இது புரியும்னு நினைக்கிறேன், ஏன்னா எல்லார் வீட்டுலயும் ஒருத்தர்கிட்டயாவது நாம இப்படிப் பேசியிருப்போம். நீன்னும் சொல்லாம, நீங்கன்னும் சொல்லாம, முறை வச்சும் கூப்பிடாம, மொட்டையா பேசுறது. "உடம்பு எப்படி இருக்கு?" "சாப்பாடெல்லாம் ஒழுங்கா கிடைக்குதா?" "கையில என்ன காயம்?" பாருங்க, ஒரு கேள்வியிலயும் யாரைக் கேக்குறோம்னே இல்ல. சண்டை போட்ட அண்ணன் தம்பிங்க, பேச்சு விட்டுப்போன மாமியார் மருமக, எல்லாரும் இந்த வித்தையில கைதேந்தவங்க. நம்ம மொழி அந்த வசதிய பண்ணிக் கொடுத்திருக்கு.

அன்னைக்கு அப்படியே எடுத்தோம். அவரு ரிசீவர எடுக்குறாரு, "எத்தனாவது படிக்கிற பாப்பா?"ங்கிறாரு. அவ ஒரு நிமிஷம் பாக்குறா. "வேலைக்குப் போயி ஒரு வருஷமாச்சு." அப்புறம் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, காயம் எப்படி. நான் ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டிருக்கேன், ரிசீவர்ல அவரு மூச்சு விழுற சத்தம் கேக்குது. எல்லாம் மரியாதையா போயிட்டிருக்கு, நேரம் முடியப் போகுது, அப்பதான் அவ திடீர்னு, "அன்னைக்கு நீ ஏன் வீட்டுக்கு வரல?" அவ்வளவுதான். நீ. 15 வருஷத்துல அவரைப் பாத்து அவ சொன்ன மொத முன்னிலை வார்த்தை, அதுவும் கோவத்துல வந்தது. அவரு பதில் சொல்றதுக்குள்ள லைன் கட். அவரு ரிசீவர உடனே வைக்கல, சட்டை முனையால வேர்வைய தொடச்சிட்டு வச்சாரு, அடுத்து வர்ற ஆளுக்காக. அது ஸ்கிரிப்ட்ல இல்ல, அவரா பண்ணது.

மறுபடி சொல்றேன், ரேடியோல ஒரு தடவ சொன்னா காத்தோட போயிடும். ஒட்டுறதுங்கிறது கட்டிப் புடிக்கிற இடத்துல ஆரம்பிக்கல, அவ கோவப்படுற இடத்துல ஆரம்பிச்சுது. மொட்டையா பேசுற வரைக்கும் அவரு யாரோ, நீன்னு திட்டுனப்ப அப்பா. எனக்கு இந்த மாதிரி படங்க மேல ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு, அவன் திருந்திட்டான், அதனால குடும்பம் மன்னிச்சே ஆகணும்னு எழுதிடுறாங்க, என்னமோ பரீட்சையில பாஸானா பரிசு கொடுக்குற மாதிரி பொண்டாட்டி புள்ளைங்கள எடுத்து கையில கொடுத்துடுறாங்க. அவன் திருந்துறது அவன் வேலை. மன்னிக்கிறதும் மன்னிக்காம இருக்கிறதும் வெளிய நின்னவங்க இஷ்டம். இந்த இஷ்டத்த அவங்ககிட்ட விட்டு வச்சிருக்கிற படத்த மட்டும் நான் ரெண்டாவது தடவ பாப்பேன்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு விரலைக் காட்டுறாங்க. ரெண்டு நிமிஷமாம். அடிக்கோடு போட்ட மூணாவது விஷயம் அப்படியே கிடக்கு.

சரி, சுருக்கமா. வெளிய வந்ததுக்கப்புறம். நார்வேயில ஹால்டன்னு ஒரு ஜெயில் 2010ல திறந்தாங்க, அங்க குடும்பம் வந்து ராத்திரி தங்குறதுக்குன்னே வளாகத்துக்குள்ள ஒரு வீடு கட்டி வச்சிருக்காங்க, ஏன்னா ஒண்ணா இருக்கிறதுக்கும் பழக்கம் வேணும். அதப் பத்தி பேசணும்னு இருந்தேன், விடுங்க. எங்க படத்தோட கடைசி சீன மட்டும் சொல்லிடுறேன். அவரு வீட்டுக்கு வந்துட்டாரு. கேட்டுல கட்டிப் புடிக்கிறது எல்லாம் எடுத்தோம், எடிட்டிங்ல தூக்கிட்டோம். ராத்திரி. ஜெயில்ல ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்து இருந்து அவருக்கு இருட்டுல தூக்கம் வராது. பொண்ணுக்கு காலையில வேலைக்குப் போகணும், லைட் எரிஞ்சா தூக்கம் வராது. ஒரே ரூம் வீடு. அவரு லைட்ட போட்டுட்டு உக்காந்திருக்காரு. அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அரைத் தூக்கத்துல எரிச்சலா, "லைட்ட ஆஃப் பண்ணுப்பா"ங்கிறா.

ஸ்கிரீன் கருப்பு. ஒரு ஸ்விட்ச் சத்தம். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல, ஃபேன் ஓடுறது மட்டும். அந்த ஃபேன நான் எங்க வீட்டுலயே ராத்திரி 2 மணிக்கு ரெக்கார்ட் பண்ணேன். டைம் ஆச்சுங்கிறாங்க. நன்றி, வணக்கம்.